வீட்டின் கீழ்க்கோடி

திர்சா என்டகாட் அறுபதை நெருங்கும் வயதில் மாட்டுத் தொழுவத்துக்குக் குடிபோனாள். மருமகள் துரத்திவிட்டாள் என்று பள்ளத்துப் பண்ணைக்காரர்கள் சொன்னார்கள். புருஷன் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று மார்ட்டன் சந்தையில் பேசிக்கொண்டார்கள். இரண்டும் இல்லை. அவளாகத்தான் போனாள். நன்றாக யோசித்துத்தான் போனாள்.

அவள் பிறந்தது டார்ட்மூர் மேட்டில், ஈயச் சுரங்கத்துக் கூலிக்காரர் வீட்டில். ஒரே அறை. அதற்குள் ஏழு பேர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பண்ணைக்கு வேலைக்குப் போனாள். அங்கே அவளுக்குப் படுக்கை பால் அறைக்கு மேலே இருந்த பரணில். அவள் ஏறிப் படுத்ததும் எஜமானி ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். காலையில் ஏணி வந்தால்தான் இறங்க முடியும். அதை அவள் ஒரு குறையாகச் சொன்னதில்லை. வேலைக்காரப் பெண்களுக்கு அப்போதெல்லாம் அப்படித்தான்.

எலியாஸ் என்டகாட் அவளைக் கட்டிக்கொண்டபோது அவனுக்கு முதல் மனைவி இறந்து இரண்டாவது வருஷம். ஜாபெஸ் என்று ஒரு சின்ன மகன் இருந்தான். அவனுடைய வெஸ்டகோம்ப் பண்ணை வீட்டில் முதல் மனைவி மாட்டிய திரைச்சீலை, முதல் மனைவி அடுக்கிய தட்டு, முதல் மனைவியின் முக்காலி. திர்சா எதையும் இடம் மாற்றவில்லை. ஜாபெஸ் அவளைச் சித்தி என்று கூப்பிட்டான். அவளும் அவனைக் குறைவாக நடத்தவில்லை.

வெஸ்டகோம்ப் வீடு சரிவில் நீளமாகப் படுத்திருக்கும். தலை மேட்டில், கால் பள்ளத்தில். நடுவில் குறுக்கே ஒரு நடை ஓடும். முன்வாசலில் நுழைந்து நேரே நடந்தால் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடலாம். நடையில் நின்று மேல்பக்கம் திரும்பினால் கூடம், கூடத்தைத் தாண்டி உள்ளறை. கீழ்ப்பக்கம் திரும்பினால் தொழுவம். மனிதருக்கும் மாட்டுக்கும் அந்த ஒரே வாசல்தான். சாயங்காலம் மாடுகள் நடைக்குள் வந்து, தலையைக் கீழ்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தங்கள் கட்டுத்தறிக்குப் போகும். எலியாஸ் பின்னால் வந்து மேல்பக்கம் திரும்பிக் கஞ்சிக்கு உட்காருவான். தொழுவம் கீழே இருப்பதால் மாட்டு மூத்திரம் மேலே வராது. அது பாட்டுக்குக் கல் வாய்க்காலில் ஓடிக் கடைசிச் சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். திர்சாவுக்கு மட்டும் தினமும் நடையைக் கழுவும் வேலை.

உள்ளறைக்கு அந்த வீட்டில் 'கோடி' என்று பேர். வயதாகி வேலைக்கு ஆகாமல் போனவர்களை அங்கேதான் படுக்க வைப்பார்கள். "அவர் கோடிக்குப் போயிட்டார்" என்றால் இனிமேல் அவரிடம் விதைப்பைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை என்று அர்த்தம். எலியாஸின் தாய் அங்கேதான் கிடந்தாள்.

ஒரு புல் அறுப்புக் காலத்தில் எலியாஸ் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். மூன்று நாள் கூடத்தில் கிடந்தான். அவனைத் தூக்கிப் புரட்ட பக்கத்துப் பண்ணை எப்ரைம் வருவார். கடைசி நாள் எலியாஸ் கண்ணைத் திறந்து, மகனையும் எப்ரைமையும் பார்த்து, "பண்ணை ஜாபெஸுக்கு. வீட்டுக் கோடி திர்சாவுக்கு, அவ இருக்கிற வரைக்கும். கேட்டியா எப்ரைம்?" என்றான். எப்ரைம் கேட்டதாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு மனுஷன் வாய்விட்டுச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரன் காதில் விழுந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

அப்படித்தான் திர்சா கோடிக்குப் போனாள்.

அடுத்த வருஷம் ஜாபெஸ் கல்யாணம் செய்துகொண்டு செலினாவைக் கூட்டி வந்தான். எக்ஸெட்டர் ரோட்டில் கடை வைத்திருந்தவரின் மகள். சுறுசுறுப்பு. வந்த வாரமே முதல் மனைவியின் திரைச்சீலையைக் கழற்றித் தரை துடைக்கத் துணியாக்கினாள். திர்சாவுக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் சந்தோஷம்கூட. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. உள்ளறைக்குத் தனி வாசல் கிடையாது. எங்கே போவதானாலும் கூடத்தின் வழியாகத்தான் போகவேண்டும்.

"அத்தை, இப்பதான் தரையத் தேய்ச்சு முடிச்சேன். காயட்டும், அப்புறம் வாங்களேன்."

"கொல்லைக்குப் போகணும்மா."

"காலையிலதானே போனீங்க?"

திர்சா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவர் ஓரமாகக் காலுறையோடு நடந்து போவாள்.

உள்ளறையில் அடுப்பும் கிடையாது. வீட்டின் ஒரே பெரிய அடுப்பு கூடத்தில், நடையை ஒட்டிய சுவரில் இருந்தது. அதன் சூடு உள்ளறை வரைக்கும் வரவேண்டுமானால் இடைக்கதவு திறந்திருக்க வேண்டும். ரொட்டி மாவு பொங்கவேண்டும் என்று செலினா கதவைச் சாத்துவாள். குழந்தை பிறந்தபிறகு குழந்தைக்குக் காற்று படக்கூடாது என்று சாத்துவாள். இரண்டும் பொய்யல்ல. உள்ளறையின் மேட்டுப்பக்கச் சுவர் பாதி மண்ணுக்குள் புதைந்திருந்ததால், மழைக்காலம் முழுக்க அது வியர்த்துக்கொண்டே இருக்கும். தலையணை ஈரமாக இருக்கும். இரண்டாவது குளிர்காலத்தில் திர்சாவுக்கு இருமல் வந்தது. வசந்தம் வந்தும் போகவில்லை. இன்னொரு குளிர்காலம் அந்த அறையில் இருந்தால் அதற்கடுத்த வசந்தத்தைப் பார்க்கமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. எலியாஸின் தாய் என்ன ஆனாள் என்பதை அவள் பார்த்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பால் பண்ணைகளைச் சோதிக்கும் அதிகாரி வந்தார். நடையில் நின்று மூக்கைச் சுருக்கினார். மனிதரும் மாடும் ஒரே வாசலில் புழங்கும் வீட்டிலிருந்து இனிப் பால் விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஜாபெஸ் முற்றத்துக்கு அந்தப் பக்கம் தகரக் கூரையில் ஒரு புதுத் தொழுவம் போட்டான். மாடுகளுக்கு அது புரியவில்லை. சாயங்காலமானால் பழைய வாசலுக்கே வந்து வரிசையாக நின்றன. செலினா விளக்குமாற்றோடு ஓடுவாள்.

"உங்க வீடு அங்க இருக்கு! போங்கடி அந்தப் பக்கம்! சட்டம் தெரியாத கழுதைங்களா!"

"அதுங்கள மாடுன்னு சொல்லு, கழுதைன்னு சொன்னா கோவிச்சுக்கும்," என்பான் ஜாபெஸ்.

பழைய தொழுவம் காலியாக நின்றது. செலினாவுக்கு அதற்கும் ஒரு யோசனை இருந்தது. கோடைக்காலத்தில் மோட்டார் பஸ்களில் ஜனங்கள் மேட்டைப் பார்க்க வர ஆரம்பித்திருந்தார்கள். தொழுவத்தைச் சுத்தம் செய்து நாலு மேசை போட்டால் பன், ஜாம், கெட்டிப் பாலேடு, தேநீர் என்று கொடுக்கலாம். பால் மட்டும் விற்று அந்தப் பண்ணை ஓடாது என்று அவளுக்கு வந்த நாளிலிருந்தே தெரியும். தறிகளைப் பிடுங்கினாள். தரையைச் சுரண்டினாள். கருங்கல் சுவரில் நூறு வருஷத்துச் சாணத்தை உளியால் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தாள். திர்சா வாளி பிடித்தாள், கைக்கு எட்டும் இடமெல்லாம் அவளும் அடித்தாள்.

அடித்துக்கொண்டே கவனித்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்த நாளிலும் தொழுவத்துச் சுவர் வியர்க்கவில்லை. பள்ளத்துப் பக்கம் இருப்பதால் அது நாலு புறமும் மண்ணைவிட்டு வெளியே நின்றது. தரையில் தண்ணீர் ஊற்றினால் வாய்க்காலைத் தேடிக்கொண்டு தானாகவே ஓடிப்போனது. மேலே வைக்கோல் பரண் போர்வைபோல மூடியிருந்தது. கடைசிச் சுவரில், சாணத்தைத் தள்ளி வெளியே போடுவதற்காக விட்ட சதுர ஓட்டை ஒன்று இருந்தது. திர்சா தூரிகையை வைத்துவிட்டு அந்த ஓட்டைக்குள் கையை நீட்டிப் பார்த்தாள். தோள்வரை போயிற்று.

"என்ன அத்தை, அங்க எலி இருக்கா?"

"இல்லம்மா. சுவர் எவ்வளவு கனம்னு பாத்தேன்."

அன்றைக்கு உள்ளறைக்குத் திரும்பி, கட்டிலில் உட்கார்ந்து, எலியாஸ் சொன்னதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக் கோடி திர்சாவுக்கு. எலியாஸ் எந்த அறையை நினைத்துச் சொன்னான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் என்ன வார்த்தையைச் சொன்னான் என்பதும் தெரியும்.

சாலை போடுகிறவர்களின் குடிசை ஒன்று பிரிக்கப்படுவதாகக் கேள்விப்பட்டு, அவர்களுடைய சின்ன இரும்பு அடுப்பைத் தன் வாத்து ஜோடியைக் கொடுத்து வாங்கினாள். அது ஒரு மாதம் எப்ரைமின் வைக்கோல் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்தது. ஜாபெஸும் செலினாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மார்ட்டன் சந்தைக்குப் போன அன்று எப்ரைம் அதை வண்டியில் கொண்டு வந்தார்.

கட்டிலைப் பிரித்து, கூடத்தின் வழியாக, நடையைத் தாண்டி இறக்கினார்கள். எப்ரைமுக்கு மூச்சு வாங்கியது.

"வீடு காலி பண்றவங்களப் பாத்திருக்கேன். வீட்டுக்குள்ளேயே வீடு காலி பண்றவள இப்பதான் பாக்குறேன்."

"காலப் பாத்து வைங்க. வாய்க்கால் இருக்கு."

"ஏம்மா, பையன் வந்து என்னைக் கேப்பானே."

"கேட்டா சொல்லுங்க. எலியாஸ் என்ன சொன்னார்?"

"வீட்டுக் கோடி உனக்குன்னு சொன்னான்."

"எந்தக் கோடி?"

"அவன் சொல்லல, நான் கேக்கல."

"அவர் மனசுல எது இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியும்."

"உனக்கும்தான் தெரியும்," என்றார் எப்ரைம், கட்டில் காலை இறக்கி வைத்துவிட்டு. "ஆனா மனசுல இருந்ததுக்கு அவன் என்னைச் சாட்சி கூப்பிடலியே. காதுல விழுந்ததுக்குத்தானே கூப்பிட்டான்."

தரை சரிவாக இருந்ததால் கட்டிலின் இரண்டு காலுக்குக் கல் கொடுத்தார்கள். அடுப்பைக் கடைசிச் சுவரோரம் வைத்து, குழாயைச் சாணி ஓட்டை வழியாக வெளியே விட்டு, சுற்றிலும் களிமண்ணும் சில்லுக் கல்லும் வைத்து அடைத்தார்கள். சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளைப் போட்டுத் திர்சா பற்றவைத்தாள். முதலில் புகை முழுவதும் உள்ளேயே சுற்றியது. இருவருக்கும் கண்ணில் தண்ணீர். பிறகு குழாய் சூடேறி, ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இழுத்துக்கொண்டது.

மத்தியானம் தாண்டி ஜாபெஸின் வண்டி திரும்பியது. தொழுவத்துச் சுவரிலிருந்து புகை வருவதை முதலில் பார்த்தவள் செலினாதான்.

"ஐயையோ, தொழுவம் பத்திக்கிச்சு!"

குழந்தையைப் புருஷன் கையில் திணித்துவிட்டுத் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டுகொண்டு ஓடினாள். கதவைத் தள்ளித் திறந்தால் திர்சா முக்காலியில் உட்கார்ந்து கெட்டிலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட தொட்டியின்மேல் எப்ரைம் உட்கார்ந்து, இறைச்சி வைத்த அப்பம் தின்றுகொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணிய இதுல ஊத்தும்மா," என்றாள் திர்சா, கெட்டில் மூடியைத் திறந்து.

செலினா வாளியைக் கீழே வைத்தாள். தண்ணீர் பாதி சிந்தி வாய்க்காலைத் தேடிப் போனது.

"இது என்ன வேலை?"

"குடி வந்துட்டேன்."

"இங்கயா? நான் சுண்ணாம்பு அடிச்ச இடத்திலயா?"

"நல்லா அடிச்சிருக்கே. குறையே இல்ல."

ஜாபெஸ் குழந்தையோடு வாசலில் வந்து நின்றான். கட்டிலைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், கடைசியில் எப்ரைமைப் பார்த்தான். "மாமா, என்ன நடக்குது இங்க?"

"உங்க சித்தியக் கேளு. நான் பாரம் தூக்க வந்தவன்."

"உங்க அப்பா வீட்டுக் கோடிய எனக்குக் கொடுத்தார்," என்றாள் திர்சா. "நான் எடுத்துக்கிட்டேன்."

"கோடின்னா உள்ளறை!" என்று செலினா கத்தினாள். "அது இந்த வீட்டு நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்!"

"ஒரு வீட்டுக்கு ரெண்டு முனை உண்டும்மா. நீ கூடத்துல நின்னு பாக்குற, உனக்கு ஒண்ணுதான் தெரியுது."

"தொழுவம் எப்படி வீடாகும்? மாடு கட்டின இடம்!"

திர்சாவுக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. இருமல் வேறு வந்தது. அது அடங்கியதும் ஜாபெஸைப் பார்த்தாள்.

"சாயங்காலமானா உங்க அப்பா உன்ன என்னன்னு கேப்பார்? மாடு தொழுவத்துக்கு வந்தாச்சான்னா கேப்பார்?"

ஜாபெஸ் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

"'மாடு வீட்டுக்குள்ள வந்தாச்சா'ன்னு கேப்பார்," என்றான்.

"நீ எப்படிச் சொல்லுவே?"

"நானும் அப்படித்தான். இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

"அப்ப மாட்டுக்கு வீடு, எனக்கு வீடில்லையா?"

எப்ரைமுக்கு அப்பம் தொண்டையில் சிக்கியது. சிரிப்பா, இருமலா என்று சொல்லமுடியவில்லை. ஜாபெஸ் அவரிடம், "அப்பா எந்தக் கோடின்னு சொன்னார்?" என்று கேட்டான்.

"நீயும்தானே நின்னே. அவன் வாயில இருந்து என்ன வந்ததுன்னு நீயே சொல்லு."

செலினா இரண்டு கைகளையும் நீட்டினாள். உளி பட்ட காயமும் சுண்ணாம்பு அரித்த வெடிப்புமாக இருந்தன.

"இதப் பாருங்க. ஒரு மாசமாச் சுரண்டினேன். எனக்காகவா? கடன் வாங்காம இந்தக் குடும்பம் ஓடணும்னுதானே? வர்றவங்கள எங்க உக்கார வைப்பேன் நான்?"

திர்சா அந்தக் கைகளைப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"உள்ளறைய எடுத்துக்கோம்மா. தெற்குப் பார்த்த ஜன்னல். பள்ளத்தாக்கு பூராவும் தெரியும். தேநீர் குடிக்க வர்றவங்க சாணி ஓட்டையையா பாத்துக்கிட்டிருப்பாங்க?"

"அந்த அறையிலயா? சுவரெல்லாம் தண்ணி ஊத்துது. அரை மணி உக்காந்தா ஜன்னி வரும். அங்க எந்த மனுஷன் உக்காருவான்?"

"அப்படியா," என்றாள் திர்சா.

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று செலினாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சிவந்தது. குழந்தையைப் புருஷனிடமிருந்து வாங்கினாள், அதன் தொப்பியைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தாள்.

ஜாபெஸ் திரும்பித் தொழுவத்துக் கதவைப் பார்த்தான். அது பழைய ஓக் கதவு. தாழ்ப்பாள் நடைப்பக்கம் இருந்தது. மாட்டை உள்ளே விட்டுவிட்டு மனிதன் வெளியே நின்று போடுவதற்கான தாழ்ப்பாள். மாடு உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொள்ளப் போவதில்லை அல்லவா? அவன் அதை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு வெளியே போனான்.

"எங்க போறீங்க? பேச்ச முடிச்சுட்டுப் போங்க!" என்றாள் செலினா.

அவன் திருப்புளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு வந்தான். துருப்பிடித்த திருகாணிகள் எளிதில் வரவில்லை. எப்ரைம் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். தாழ்ப்பாளைக் கழற்றி, கதவின் உள்பக்கம் வைத்து, கரிக்கட்டியால் குறி போட்டு, மறுபடி முடுக்கினான். போட்டுப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பன்றிக் கொழுப்பைத் தடவினான்.

செலினா கடைசித் திருகாணி ஏறும்வரை நின்று பார்த்தாள். பிறகு மேல்பக்கம் போய்க் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ரெண்டு நாள் என் கஞ்சியில உப்பு இருக்காது," என்றான் ஜாபெஸ் மெதுவாக.

"எங்க வீட்டுக்கு வா," என்றார் எப்ரைம். "அங்கயும் உப்பு இருக்காது, ஆனா துணைக்கு ஆள் இருக்கும்."

அந்தக் கோடையில் செலினா மேசைகளை முற்றத்தில் போட்டாள். வந்தவர்கள் உள்ளே உட்காரக் கேட்கவே இல்லை. வெயிலில் உட்கார்ந்து, வீட்டைப் பார்த்துக்கொண்டே பன்னைத் தின்றார்கள். திர்சா தன் அடுப்பிலேயே பாலைச் சுண்டவைத்து ஏடு எடுத்துக் கொடுத்தாள். இருவருக்கும் பேச்சு வார்த்தை ஆட்டு மயிர் கத்தரிக்கும் காலம்வரை இல்லை. ஏடு மட்டும் நடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் செலினா, "இன்னிக்கு ஏடு கொஞ்சம் தண்ணியா இருக்கு அத்தை," என்றாள். அப்படியே பேச்சு மறுபடி ஆரம்பித்தது.

ஆனால் குடிபோனதற்கு மறுநாள் காலை இதெல்லாம் திர்சாவுக்குத் தெரியாது. இருமாமல் விடியும்வரை தூங்கியிருந்தாள். எழுந்து அடுப்பைக் கிளறிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது கதவில் சத்தம் கேட்டது. அந்தக் கதவை அதுவரை யாரும் தட்டியதில்லை. தொழுவத்துக் கதவை யார் தட்டுவார்கள்? அவள் படுத்த எந்த அறையின் கதவையும் யாரும் தட்டியதில்லை. அது என்ன சத்தம் என்று புரியவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"யாரு?" என்றாள்.

"நான்தான் சித்தி. ஜாபெஸ். எரிக்கக் கரிமண் கொண்டாந்திருக்கேன்."

"இரு, வரேன்."

செய்ய வேலை ஒன்றும் இல்லை. செருப்பு காலில்தான் இருந்தது, தலை வாரி முடிந்திருந்தது. திர்சா கைகளை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள்.